டிராகன் ஜாடியின் காலத்தை எதைக் கொண்டு சொல்வது? சீன நீலவெள்ளைப் பீங்கான் குறித்த விவாத இழை

மேலமாடம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டின் மேல்மாடியில் ஒரு மரப்பெட்டிக்குள் வைக்கோல் சுற்றி வைக்கப்பட்டிருந்த பீங்கான் ஜாடி ஒன்றைப் பற்றி இங்குள்ளவர்களின் கருத்தை அறிய விரும்புகிறேன். என் கணவரின் பாட்டனார் பினாங்கில் கொடுக்கல் வாங்கல் செய்தவர். அங்கிருந்து திரும்பியபோது கொண்டுவந்தது என்பதால் என் மாமியார் இதைப் "பினாங்கு ஜாடி" என்றே சொல்வார்.

உயரம் 41 சென்டிமீட்டர். தோள் அகன்று, கீழே குறுகி, மறுபடி அடியில் சற்று விரிகிறது. வெள்ளை உடலில் நீல நிறத்தில் இரண்டு டிராகன்கள் ஒன்றையொன்று துரத்துவதுபோல் சுற்றி வருகின்றன. அவற்றுக்கிடையே தீச்சுடர் சூழ்ந்த ஓர் உருண்டை, அடியில் அலைகள், எஞ்சிய இடமெல்லாம் மேகச் சுருள்கள். ஒவ்வொரு காலிலும் நான்கு நகங்கள் உள்ளன. ஜாடியைக் கவிழ்த்தால் அடியில் இரண்டு நீல வட்டங்களும், அவற்றுக்குள் இரண்டு வரிசையாக நான்கு சீன எழுத்துகளும் தெரிகின்றன.

உறவினர் ஒருவர், ஐந்து நகம் என்றால் பேரரசருக்கு, நான்கு நகம் என்றால் இளவரசருக்கு, ஆகவே இது ஓர் இளவரசரின் அரண்மனையிலிருந்து வந்தது என்று உறுதியாகச் சொல்கிறார். இதை விற்கும் எண்ணம் எங்களுக்கு இல்லை, விலையும் கேட்கவில்லை. இது எப்போது செய்யப்பட்டது, அதை எப்படித் தெரிந்துகொள்வது என்பதே என் கேள்வி.

கப்பல்துறை எழுதியது:

அம்மா, நீங்கள் இணைத்த படத்தில் உள்ள எழுத்துகளை வலப்பக்க வரிசையிலிருந்து மேலிருந்து கீழாகப் படிக்க வேண்டும். "காங்ஷி நியன் ஜி" என்று இருக்கிறது; காங்ஷி பேரரசரின் ஆட்சிக்காலத்தில் செய்யப்பட்டது என்பது பொருள். அவருடைய ஆட்சிக்காலம் 1662 முதல் 1722 வரை. நகங்களைப் பற்றி உங்கள் உறவினர் சொன்னதையே நானும் சிங்கப்பூரில் பலரிடம் கேட்டிருக்கிறேன். ஐந்து பேரரசருக்கு, நான்கு இளவரசருக்கும் பிரபுக்களுக்கும், மூன்று மற்றவர்களுக்கு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் உங்கள் ஜாடிக்கு முந்நூறு ஆண்டு வயதிருக்கும் என்றே நினைக்கிறேன்.

நீலமை எழுதியது:

கப்பல்துறை அவர்கள் எழுத்துகளைச் சரியாகப் படித்துச் சொன்னதற்கு நன்றி. ஆனால் அவர் வந்தடைந்த முடிவை நான் ஏற்கவில்லை. நகத்தை எண்ணிக் காலத்தையும் உரிமையாளரையும் சொல்லிவிடும் வழக்கம் இந்தத் துறையில் பலரைத் தவறான வழியில் கொண்டுபோயிருக்கிறது என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

உலகில் இன்று மிகவும் அறியப்பட்ட நீலவெள்ளை டிராகன் பீங்கான்கள், லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள டேவிட் ஜாடிகள் எனப்படும் இணை. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 63 சென்டிமீட்டர் உயரம். கழுத்தின் இருபுறமும் யானைத்தலைப் பிடிகள். மேலிருந்து கீழாகச் சாமந்திக் கொடி, வாழை இலைகள், மேகங்களுக்கிடையே பறக்கும் பீனிக்ஸ் பறவைகள், தாமரைக் கொடி என்று பட்டை பட்டையாக இறங்கி, வயிற்றுப் பகுதியில் அலைகளுக்கு மேலே நீண்ட உடலுடன் டிராகன் வளைந்து செல்கிறது. அந்த டிராகனுக்கு நான்கு நகங்கள்தாம். அது எந்த இளவரசருக்கும் உரியதன்று. வாழை இலைகளுக்கிடையே கழுத்தில் எழுதப்பட்ட நீண்ட வாசகம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. யூஷான் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த ஜாங் வென்ஜின் என்ற பக்தர், ஒரு தூபக்கலத்தையும் ஓர் இணைப் பூச்சாடியையும் தாவோ மதக் கோயில் ஒன்றில் ஹூ ஜிங்யி என்ற தளபதித் தெய்வத்துக்குக் காணிக்கையாக வைத்து, தன் குடும்பம் முழுவதும் நலமாக இருக்கவும் பிள்ளைகள் அமைதியாக வாழவும் வேண்டிக்கொள்கிறார். நாள், ஜிஜெங் ஆட்சியின் பதினோராம் ஆண்டு நான்காம் மாதத்து நல்ல நாள், அதாவது 1351. தூபக்கலம் இன்றுவரை கிடைக்கவில்லை.

இந்த வாசகத்தால்தான் நீலவெள்ளைப் பீங்கானின் வரலாறே நேர்பட்டது. அதற்கு முன்பு, இவ்வளவு தேர்ந்த நீலவெள்ளை வேலை, 1368-இல் தொடங்கிய மிங் மரபின் காலத்துக்கு முன் இருந்திருக்க முடியாது என்றே பெரும்பாலோர் எண்ணியிருந்தனர். 1929-இல் பீங்கான் ஆய்வாளர் ஹாப்ஸன் இதைப் பற்றி எழுதினார். 1950-களில் அமெரிக்க ஆய்வாளர் ஜான் அலெக்ஸாண்டர் போப் இந்த இரண்டு ஜாடிகளையும் அளவுகோலாக வைத்துக்கொண்டு, இஸ்தான்புல் தோப்காபி அரண்மனையிலும் ஈரானின் அர்தபில் தர்காவிலும் இருந்த பீங்கான்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, பதினான்காம் நூற்றாண்டுக்குரியவற்றைப் பிரித்தெடுத்தார். அலை எப்படி வரையப்படுகிறது, தாமரை இலையின் முனை எப்படி முடிகிறது, டிராகனின் கழுத்து எவ்வளவு ஒல்லியாக இருக்கிறது என்பவற்றையே அவர் பார்த்தார். இந்த இணையை இரண்டு வெவ்வேறு இடங்களிலிருந்து வாங்கி மீண்டும் ஒன்றுசேர்த்த பெர்சிவல் டேவிட், 1892-இல் பம்பாயில் பிறந்தவர் என்பதையும் இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

ஏன் நான்கு நகம்? மிங்குக்கு முன் சீனத்தை ஆண்ட யுவான் மரபின் அரசு 1314-இல் விதித்த ஆடைக் கட்டுப்பாட்டில் டிராகன் உருவம் தடை செய்யப்பட்டபோது, டிராகன் என்பது இரண்டு கொம்பும் ஐந்து நகமும் உடையது என்றே வரையறுக்கப்பட்டது. ஆகவே, ஒரு நகத்தைக் குறைத்துவிட்டால் அது தடைக்கு வெளியே போய்விடும். சாதாரணப் பக்தர் ஒருவரின் காணிக்கையில் நான்கு நக டிராகன் இருப்பதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன்.

மூன்று நகம் எளியவர்களுக்கு என்பதும், மூன்று நகம் இருந்தால் அது ஜப்பானியப் பொருள் என்பதும் இதே போன்ற சூத்திரங்கள்தாம். யாங்ஜோ அருங்காட்சியகத்தின் தலையாய பொருளாகப் போற்றப்படுகிற யுவான் காலக் குறுங்கழுத்து ஜாடியில், முழு நீல மெருகின் (பீங்கானை மூடும் கண்ணாடிப் பூச்சின்) மேல் வெள்ளையாக ஒரு டிராகன் பாய்கிறது. அதற்கு மூன்று நகங்களே உள்ளன. அதை எளிய பொருள் என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

சூளைமேட்டார் எழுதியது:

நான் இருபது ஆண்டுகளாக மண்பாண்டமும் பீங்கானும் வனைந்து சுட்டு வருபவன். பழம்பொருள் வல்லுநன் அல்லன். ஆனால் செய்பவனின் கண்ணுக்குச் சில விஷயங்கள் தெரியும்.

சீனத்து முறையில் கோபால்ட் நீலம் சுடாத, காய்ந்த உடலின் மேல் நேரடியாகத் தீட்டப்படுகிறது. அதன் மேல் மெருகு ஏற்றப்பட்டு, உடல், ஓவியம், மெருகு மூன்றும் சேர்ந்து ஏறத்தாழ 1,300 டிகிரி வெப்பத்தில் ஒரே முறை சுடப்படுகின்றன. தீட்டும்போது அந்த நிறம் நீலமாக இருக்காது. அழுக்குக் கறுப்பாகவோ சாம்பலாகவோ இருக்கும். காய்ந்த களிமண் தூரிகையிலுள்ள நீரை உடனே உறிஞ்சிக்கொள்ளும். ஒரு நொடி தயங்கினால் அந்த இடத்தில் புள்ளி விழுந்துவிடும். அழித்துத் திருத்த வழியே இல்லை. டிராகனின் முதுகுக் கோட்டைப் பாருங்கள். பழகிய கை அதைத் தோளிலிருந்து வால் வரை இரண்டு மூன்று இழுப்பில் முடித்திருக்கும். மற்றொருவருடைய டிராகனைப் பார்த்து எழுதிய கையென்றால், கோடு அங்கங்கே நின்று நின்று போயிருக்கும்.

இன்னொன்று, நீலத்துக்குள் இருக்கும் கறுப்புப் புள்ளிகள். பதினைந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், யோங்லே, சுவாந்தே ஆட்சிகளில், மேற்காசியாவிலிருந்து வந்த கோபால்ட்டில் இரும்பு மிகுதியாகவும் மாங்கனீசு குறைவாகவும் இருந்தது. நிறம் தடிப்பாக விழுந்த இடங்களில் அந்த இரும்பு, மெருகின் மேற்பரப்பு வரை எழுந்து கருத்து, துருப்பிடித்த பொட்டுப்போல் நின்றுவிட்டது. விரல் நுனியால் தடவினால் அந்த இடம் சற்றே குழிந்திருப்பது தெரியும். பதினெட்டாம் நூற்றாண்டில் யோங்ஜெங், சியென்லோங் காலத்து ஓவியர்கள் அந்தப் பழைய அழகை விரும்பி, தூய்மையான நீலத்தின் மேல் தூரிகை நுனியால் வேண்டுமென்றே புள்ளி வைத்தார்கள். இயற்கையாக எழுந்த புள்ளி கோட்டை மீறி எங்கெங்கோ இருக்கும்; வைத்த புள்ளி கோட்டின் மேலேயே ஒழுங்காக உட்கார்ந்திருக்கும்.

மேலமாடம் அம்மா, மூன்று செயல்களைச் செய்து பார்த்து எழுதுங்கள். மெருகில்லாத அடிவளையத்தை நல்ல பகல் வெளிச்சத்தில் பாருங்கள். ஜாடிக்குள் கையை விட்டு, வயிற்றின் நடுவில் வளையமாக மேடு ஏதேனும் தட்டுப்படுகிறதா என்று தடவிப் பாருங்கள். நீலத்தை ஒரு பூதக்கண்ணாடியால் பாருங்கள்.

கப்பல்துறை எழுதியது:

என் கருத்தைத் திருத்தியதற்கு நன்றி. இதில் எனக்கே ஓர் இழப்பு உண்டு. பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில், அடியில் சுவாந்தே ஆட்சிக் குறி இருந்த டிராகன் கிண்ணம் ஒன்றை, ஐந்து நகம் இருப்பதைப் பார்த்துப் பெரிய தொகை கொடுத்து வாங்கினேன்; பிறகு அது இருபதாம் நூற்றாண்டுப் பொருள் என்று தெரியவந்தது. ஆனால் நீலமை ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். அப்படியானால் ஐந்து நகம் பேரரசருக்கு என்பது முழுவதும் கட்டுக்கதையா?

நீலமை எழுதியது:

கட்டுக்கதை அன்று. ஜிங்தேஜென் நகரின் அரசுச் சூளைக்குள் அது நடைமுறையாகவே இருந்தது. மிங், அதன்பின் வந்த சிங் மரபுகளின் அரண்மனைகளுக்கென்று செய்யப்பட்ட பீங்கானில் ஐந்து நக டிராகனே முதன்மை. ஆனால் அதன் மறுதலை உண்மையாகாது. அரசின் பிடி தளர்ந்த காலங்களில் தனியார் சூளைகளும் ஐந்து நகத்தைத் தாராளமாக வரைந்தன. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் சந்தைக்காகச் செய்த பாத்திரங்களிலும் ஐந்து நகத்தைக் காணலாம். உங்கள் கிண்ணத்தில் ஏமாற்றியது நகம் அன்று; நகம் ஒன்றையே சான்றாக எடுத்துக்கொண்டதுதான்.

அரசுச் சூளையில் டிராகன் என்பதன் பொருள் என்ன என்று அறிய வேண்டுமானால், நகத்தை விட்டுவிட்டு டிராகன் தொட்டிகளின் கதையைப் பார்க்க வேண்டும். இவை ஓர் ஆள் இரண்டு கைகளாலும் அணைக்க முடியாத அளவு பெரிய நீலவெள்ளைத் தொட்டிகள். பெய்ஜிங் அரண்மனை மண்டபங்கள் மீண்டும் கட்டி முடிக்கப்பட்ட 1441-ஐ ஒட்டி, வெள்ளைப் பரப்பில் நீல டிராகன் எழுதிய பெருந்தொட்டிகள் வேண்டுமென்று ஜிங்தேஜெனுக்கு ஆணை போயிற்று. வந்து சேர்ந்தவற்றில் மயிரிழை விரிசல் இருப்பதாக அரண்மனையில் செல்வாக்கு மிகுந்திருந்த அண்ணகர் (விதையடிக்கப்பட்ட அரண்மனை அலுவலர்) வாங் ஜென் குறை கண்டார். அதன்மேல் மேற்பார்வை அலுவலருக்குத் தடியடி கொடுக்கப்பட்டு, தொட்டிகளை மறுபடியும் செய்ய ஆணையிடப்பட்டதாக மிங் மரபின் அரசு வரலாறு பதிவு செய்திருக்கிறது. 1988-இல் ஜிங்தேஜெனின் ஜூஷான் பகுதியில் தோண்டியபோது அந்தக் காலத்துத் தொட்டிகள் துண்டு துண்டாகக் கிடைத்தன. குறையுள்ளவை வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக அவற்றை அங்கேயே உடைத்துப் புதைத்திருந்தார்கள். அந்தத் துண்டுகளை ஒட்டிச் சேர்த்த தொட்டிகளின் மேல், மேகங்களுக்கிடையே பெருத்த டிராகன்கள் இன்றும் நடமாடுகின்றன. அரசர் கண்ணில் ஒருபோதும் படாத அரசுப் பொருள்கள் அவை.

இந்தத் தொட்டியைச் சுடும் முறையை மிங் காலத்துக் குறிப்பு ஒன்று விவரிக்கிறது. ஏழு நாள் இரவும் பகலும் சிறு தீ. சொட்டுச் சொட்டாக நீர் வடிவதுபோல் அந்தத் தீ மெதுவாக, ஆனால் நிற்காமல் போய்க்கொண்டிருக்க வேண்டும். ஈரமெல்லாம் வற்றி மண் இசைந்த பிறகே இரண்டு நாள் பெருந்தீ. தொட்டியை மூடியிருக்கும் உறைக்கலம் சிவந்து, பிறகு வெளுத்து, சூளை முழுவதும் ஒளிர்ந்தால் வாயிலை அடைத்துவிட்டு, மேலும் பத்து நாள் ஆறவிட்டுத் திறப்பார்கள். பத்தொன்பது நாள் காத்திருந்த பிறகுதான் விரிசல் விழுந்ததா இல்லையா என்பது தெரியும்.

வான்லி ஆட்சியில், 1599-இல், தொட்டிகள் மீண்டும் மீண்டும் உடைந்துபோக, பான் ஷியாங் என்ற அண்ணகரின் கொடுமையால் தொழிலாளர்கள் அடிபட்டுப் பட்டினி கிடந்தனர் என்றும், சக தொழிலாளர்களின் துயரம் பொறுக்காமல் தோங் பின் என்ற சூளைக்காரர் எரியும் சூளைக்குள் பாய்ந்து உயிர்விட்டார் என்றும், மறுநாள் திறந்தபோது தொட்டி குறையின்றி வந்திருந்தது என்றும் ஜிங்தேஜென் மரபு சொல்கிறது. ஊர்க்காரர்கள் அவருக்குக் கோயில் எழுப்பி, காற்றுக்கும் தீக்கும் உரிய தெய்வமாக வணங்கினார்கள். நம் ஊரிலும் இப்படி உயிர்விட்டவர்களைத் தெய்வமாக வைத்துக் கும்பிடும் வழக்கம் இருப்பதால், அந்த மக்களின் மனம் நமக்கு எளிதில் விளங்கும். பதினெட்டாம் நூற்றாண்டில் அரசுச் சூளையின் பொறுப்பாளராக இருந்த தாங் யிங், சிதைந்து கவனிப்பாரின்றிக் கிடந்த ஒரு பழைய டிராகன் தொட்டியைக் கண்டு, அதை அந்தக் கோயிலின் அருகே கொண்டுவந்து வைத்து, அதைப் பற்றி ஒரு கட்டுரையும் எழுதினார். அதன் நீலத்தில் தொழிலாளர்களின் இரத்தமும் வியர்வையும் இருக்கிறது என்று அவர் கருதினார்.

குறையின்றி வந்தவை எங்கே போயின என்பதற்கும் ஒரு பதில் இருக்கிறது. வான்லி பேரரசரின் கல்லறையான திங்லிங்கை 1956 முதல் 1958 வரை அகழ்ந்தபோது, நிலத்தடி மண்டபத்தின் கல் அரியணைகளின் முன் நீலவெள்ளை டிராகன் தொட்டிகள் வைக்கப்பட்டிருந்தன. அணையா விளக்காக எரிய எண்ணெய் ஊற்றி வைத்தவை. அவற்றின் மேல் இருந்தது வான்லியின் பெயர் அன்று. அவருடைய பாட்டனார் ஜியாஜிங்கின் ஆட்சிக் குறி. அரசர் கல்லறையிலேகூட, குறி சொல்லும் காலமும் பொருள் பயன்பட்ட காலமும் ஒன்றாக இல்லை.

தென்கரை எழுதியது:

இந்த இழையைத் தொடர்ந்து படித்து வருகிறேன். நம் கரையோடு உண்மையில் தொடர்புடைய இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன். இராமநாதபுரம் மாவட்டத்துப் பெரியபட்டினத்தில் ஜப்பானிய வரலாற்றாளர் நொபொரு கராஷிமா முதலியோர் ஆராய்ந்த சீனப் பீங்கான் ஓடுகள், பதின்மூன்று, பதினான்காம் நூற்றாண்டுகளில் அந்தத் துறைமுகத்துக்குச் சீனச் சரக்கு தொடர்ந்து வந்ததைக் காட்டுகின்றன. அவற்றில் பெரும்பகுதி பச்சை மெருகிட்டவை, நீலவெள்ளை குறைவு.

மற்றொன்று, இலங்கையின் காலி நகரில் கிடைத்து, இப்போது கொழும்பு தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள கல்வெட்டு. சீனத் தளபதி ஜெங் ஹ 1409-ஆம் ஆண்டு நாளிட்டு நான்கிங்கில் செதுக்கிக் கொண்டுவந்த அந்தக் கல்லில் சீனம், தமிழ், பாரசீகம் ஆகிய மூன்று மொழிகளும் உள்ளன. தமிழ்ப் பகுதி, இலங்கையின் தென்கோடியில் வழிபடப்பட்ட தெய்வமான தென்னாவர நாயனாரைப் போற்றுகிறது. அந்தக் கல்லின் வளைந்த மேற்பகுதியில் எதிரெதிராக இரண்டு டிராகன்கள் செதுக்கப்பட்டிருக்கின்றன. யோங்லே காலத்து டிராகன் எப்படி இருந்தது என்பதைத் தமிழ் எழுத்தோடு சேர்த்தே பார்க்கக் கிடைக்கும் இடம் அது.

மேலமாடம் எழுதியது:

நேற்று காலை முற்றத்தில் வெயில் விழும் நேரத்தில், கட்டிலில் மெத்தை விரித்து அதன்மேல் ஜாடியைக் கிடத்திப் பார்த்தோம். சூளைமேட்டார் ஐயா கேட்டவற்றுக்கு வரிசையாகச் சொல்கிறேன்.

அடிவளையம் வெள்ளை வெளேரென்று, மாவுபோல் மெத்தென இருக்கிறது. மணல் ஒட்டவில்லை, மெருகு முடியும் இடத்தில் செம்மையும் இல்லை. வளையத்தின் ஓரம் நேராகச் சீவியதுபோல் இருக்கிறது. உள்ளே கைவிட்டதில் வயிற்றின் நடுவில் ஒரு வளையமேடு நன்றாகத் தட்டுப்பட்டது. பூதக்கண்ணாடியில் நீலம் ஒரே சீராக, சற்று ஊதா கலந்து தெரிகிறது. கறுப்புப் புள்ளி எங்கும் இல்லை. டிராகனின் செதில்கள் அனைத்தும் ஒரே அளவில், வலை விரித்ததுபோல் வரையப்பட்டிருக்கின்றன. முதுகுக் கோடு இரண்டு இடங்களில் நின்று மறுபடி தொடங்குகிறது. அடிவளையத்துக்குச் சற்று மேலே, அலைகளின் மேல், மெருகு மெலிந்து மூன்று விரல் தடங்கள் இருக்கின்றன. எதிர்ப்புறம் கட்டைவிரல் அளவில் ஒன்று.

நீலமை எழுதியது:

மிக நன்றாகப் பார்த்து எழுதியிருக்கிறீர்கள். என் கணிப்பு, இது பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பெரும்பாலும் குவாங்ஷூ ஆட்சியில் (1875 முதல் 1908 வரை), ஜிங்தேஜெனின் தனியார் சூளை ஒன்றில் செய்யப்பட்டது. காங்ஷி காலத்துச் சிறந்த நீலத்தில், ஒரே கோபால்ட்டை நீர்த்து நீர்த்து அடர்த்தியிலிருந்து மென்மை வரை பல படிகளில் பூசும் திறம் தெரியும். உங்கள் ஜாடியில் ஒரே சீரான நீலம்தான் உள்ளது. வலைபோன்ற செதில்களும் பிற்காலத்துக்கே உரியவை.

ஆட்சிக் குறியைப் பொறுத்தவரை, 1677-இல் ஜிங்தேஜென் வட்டார அதிகாரி ஒருவர், பேரரசரின் பெயர் எழுதிய பாத்திரம் உடைந்து குப்பையில் கிடப்பது அவமதிப்பு என்று கருதி, பீங்கானில் ஆட்சிப் பெயரை எழுதக் கூடாது என்று தடை விதித்தார். அதனால் உண்மையான காங்ஷி காலத்துத் தனியார் சூளைப் பொருள்கள் பலவற்றில் வெறும் இரட்டை வட்டமோ, ஓர் இலையோ, இருநூறு ஆண்டு முந்தைய மிங் பேரரசர் செங்ஹுவாவின் பெயரோதான் இருக்கும். நான்கு எழுத்துக் காங்ஷி குறியை அடியில் பெருமையோடு எழுதியது பெரும்பாலும் அவருக்கு நூற்றைம்பது, இருநூறு ஆண்டுகளுக்குப் பின் வந்தவர்களே. அதை மோசடி என்று மட்டும் எண்ணிவிட வேண்டாம். பழைய மேன்மைக்கு வணக்கம் செலுத்தும் மரபும் அதில் உண்டு. உங்கள் கணவரின் பாட்டனார் இதைப் பினாங்கில் வாங்கியபோது இது ஏறத்தாழப் புதிய ஜாடியாகவே இருந்திருக்கும்.

சூளைமேட்டார் எழுதியது:

நீலமை ஐயா சொன்ன காலத்தையே நானும் ஏற்கிறேன். வளையமேடு, மேல்பாதியையும் கீழ்பாதியையும் தனித்தனியே வனைந்து, நீர்த்த களிமண்ணால் ஒட்டிய இணைப்பு. இவ்வளவு பெரிய ஜாடிக்கு அது இயல்பானதே.

விரல் தடங்களைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருவர் ஜாடியை அடியில் பற்றிக்கொண்டு மெருகுக் குழம்பில் முக்கி எடுத்திருக்கிறார். விரல் பட்ட இடத்தில் மெருகு மெலிதாகவே ஏறியிருக்கிறது. 1637-இல் வெளிவந்த சீனத் தொழில்நுட்ப நூல் ஒன்று, ஒரு பாத்திரம் முழுமையடைய 72 கைகளைக் கடந்து வருகிறது என்று கணக்கிடுகிறது. அந்தக் கைகளில் ஒன்று உங்கள் ஜாடியில் அப்படியே நின்றுவிட்டது. அம்மா, அந்த மூன்று தடங்களின் மேல் உங்கள் விரல்களை வைத்துப் பார்த்தீர்களா?

மேலமாடம் எழுதியது:

உங்கள் பதிவைப் படித்தவுடன் போய் வைத்துப் பார்த்தேன், ஐயா. என் விரல்களுக்கு அந்த இடைவெளி பெரிதாக இருக்கிறது. என் மகனின் கைக்குச் சரியாகப் பொருந்துகிறது. என் மாமியாரிடம் காலத்தையும் நகத்தின் கதையையும் சொன்னேன். இளவரசர் வீட்டுப் பொருள் இல்லை என்பதில் அவருக்கு வருத்தமேதும் இல்லை. ஜாடியை மறுபடி பெட்டிக்குள் வைக்க வேண்டாம், அந்த விரல் தடம் கண்ணில் படும்படி கூடத்து மாடத்தில் வைக்கச் சொன்னார். மாடத்தின் அடியில் கம்பளித் துணி விரித்து அங்கேயே வைத்திருக்கிறோம்.